எலும்பும் உருவமும்

கண்ணாற் கண்ட பொருளுக்கு உருவம் கொடுத்தல் எளிது. காணாத பொருளுக்கு உருவம் கொடுத்தல் அரிது. ஆயினும் அந்த அரிய செயலிலேயே மனித மனம் பெரிதும் ஈடுபடுகின்றது. சுசீந்திரத்துத் திருக்கோயில் தூண்களிலே யாளியைச் செதுக்கிய சிற்பி யாளியைக் கண்டவன் அல்லன். சிங்கத்தின் வீரத்தையும் யானையின் பெருமிதத்தையும் ஒரே கல்லில் கூட்டி, உலகில் இல்லாத விலங்கொன்றை அவன் உண்டாக்கினான். நாஞ்சில் நாட்டு ஊர்களிலே தோற்பாவைக்கூத்து நடத்திய கலைஞர்கள் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, அதில் இராவணனுக்குப் பத்துத் தலைகளை வரைந்து வண்ணந் தீட்டினர். வெண்திரைக்குப் பின்னே விளக்கேற்றி அவனை உலவவிட்டனர். திரையின் முன்னிருந்த சிறுவர் அஞ்சினர், அஞ்சியபடியே மகிழ்ந்தனர்.

யாளியைக் கண்ட எவரும் அது காட்டில் வாழ்வதாகக் கருதி அதனைத் தேடிச் சென்றதில்லை. பத்துத் தலைப் பாவையைக் கண்டவர் அது தோலென்பதையும் விளக்கொளியென்பதையும் மறந்ததில்லை. கலைஞன் கற்பனை செய்தான். காண்போர் அதனைக் கற்பனை என்றே ஏற்றுக்கொண்டனர். இருவருக்கும் இடையே சொல்லாமற் சொன்ன உடன்பாடு ஒன்று இருந்தது.

இக்காலத்துத் திரைப்படங்களும் கணிப்பொறி விளையாட்டுகளும் காட்டும் டைனோசர் அத்தகையதன்று. அது யாளியைப் போல வெறுங் கற்பனையும் அன்று. யானையைப் போலக் கண்ணாற் கண்ட விலங்கும் அன்று. உண்மையில் வாழ்ந்து, மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன விலங்கினம் அது. அதன் எலும்பு உண்மை. அவ்வெலும்பின்மேல் போர்த்த தசையும் தோலும் நிறமும் குரலும் பெரும்பாலும் ஊகம். உண்மையும் ஊகமும் ஒன்றாய்க் கலந்து திரையில் நடக்கும்போது, இஃது இவ்வளவு உண்மை, இஃது இவ்வளவு ஊகம் எனப் பிரித்தறியக் காண்போனுக்கு வழியில்லை. இங்கேதான் யாளியைச் செய்தவனுக்கு இல்லாத பொறுப்பு டைனோசரைச் செய்பவனுக்கு வந்து சேர்கின்றது.

இப்பொறுப்பின் அளவை உணர நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் அமைந்த இராஜாக்கமங்கலத்தை எண்ணிப் பார்க்கலாம். தென்னந்தோப்பும் வயலும் மீன்பிடி துறையும் சூழ்ந்த அவ்வூரில் வாழும் மாணவன் ஒருவனுக்கு டைனோசரின் பெயர் தெரியும், நடை தெரியும், உறுமல் தெரியும். ஆனால், அவ்வூரின் அடிப்பாறையை எத்துணை ஆழம் தோண்டினாலும் டைனோசரின் எலும்பொன்றும் கிடைக்கப் போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளும் அடிப்பாறைகளும் நிலத்தின் ஆழத்திலே பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவை அந்நிலையை அடைந்துவிட்டன. டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மணவாளக்குறிச்சிக் கரையில் கரியதும் செந்நிறமுமாய் மின்னும் கனிம மணல் அப்பழம்பாறைகள் தேய்ந்து உதிர்ந்த துகளே ஆகும். ஆகவே, அவ்வூர் மாணவன் டைனோசரைப் பற்றி அறிவதெல்லாம் நிலத்திலிருந்து வந்த அறிவன்று. திரையிலிருந்து வந்த அறிவு. திரை நேர்மையாய் இருந்தால் அவன் அறிவும் நேராகும். திரை கோணினால் அவன் அறிவும் கோணும்.

எலும்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். விலங்கின் நீளத்தையும் உயரத்தையும் எலும்பு சொல்லும். பல்லின் வடிவம் அது ஊன் தின்றதா, இலை தின்றதா என்பதைச் சொல்லும். தசைகள் பற்றியிருந்த இடங்கள் எலும்பின்மேல் தழும்புகளாய் நிற்கும். அவற்றைக் கொண்டு அதன் வலிமையை ஒருவாறு மதிப்பிடலாம். கல்லாய்ப் போன அடிச்சுவடுகள் அதன் நடையைக் கூறும். கல்லாய்ப் போன முட்டைகள் அது குஞ்சு பொரித்த முறையைக் கூறும். சிற்சில இடங்களில் தோலின் பதிவும் இறகின் பதிவும் கிடைத்ததுண்டு. ஆனால், எலும்பு குரலைச் சொல்லாது. சினத்தையும் அன்பையும் சொல்லாது. நிறத்தை மிக அருகியே சொல்லும். இவ்விடைவெளிகளை நிரப்பாமல் ஓவியன் ஒரு டைனோசரையும் வரைய இயலாது. ஆதலின் ஊகம் குற்றமன்று. எலும்பு சொன்னதை மறுத்துவிட்டு, எலும்பு சொன்னதாகவே காட்டுவதுதான் குற்றம்.

டைனோசர் என்னும் பெயரை 1842இல் ஆங்கில அறிஞர் ரிச்சர்டு ஓவன் அமைத்தார். அஞ்சத்தக்க பெரும்பல்லி என்பது அதன் பொருள். டைனோசர் பல்லியினத்தைச் சேர்ந்ததன்று. எனினும் பெயரில் அமைந்த பல்லியும் அச்சமும் இன்றுவரை அதனை விட்டு நீங்கவில்லை. 1854இல் இலண்டன் மாநகரின் கிரிசுடல் பேலசுப் பூங்காவில் வாட்டர்கவுசு ஆக்கின்சு என்னும் சிற்பி, ஓவனின் அறிவுரையைப் பெற்று, டைனோசர்களை முழு அளவில் வடித்து நிறுத்தினார். சிலையொன்றின் அச்சுக்குள்ளேயே 1853ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அறிஞர் பலர் அமர்ந்து விருந்துண்டனர். அவ்விலங்கு இகுவனடான். அதற்குக் காண்டாமிருகத்தைப் போல மூக்கின்மேல் ஒரு கொம்பும், தூண் போன்ற நான்கு கால்களும் அமைத்திருந்தனர். அன்று கிடைத்த சில எலும்புகளைக் கொண்டு அவர்கள் செய்ததில் வஞ்சனை ஏதுமில்லை.

1878இல் பெல்சிய நாட்டுப் பெர்னிசார்ட்டு என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், இகுவனடானின் எலும்புக்கூடுகள் முப்பதுக்கு மேல் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தபோது, மூக்கின்மேல் வைத்த கொம்பு உண்மையில் கையின் கட்டைவிரல் முள் என்பது புலனாயிற்று! டைரனோசாரசு வரலாறும் இத்தகையதே. நியூயார்க்கு நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1915இல் அதனை நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுக்கும் கோலத்தில் நிறுத்தினர். உடலைக் கிடையாக வைத்து, வாலைப் பின்னே தூக்கி, துலாக்கோல் போலச் சமன் செய்தே அது நடந்தது எனப் பின்னர்த் தெளிந்து, 1990களில் அவ்வெலும்புக்கூட்டைப் பிரித்து வேறு கோலத்தில் கோத்தனர். 1996இல் சீன நாட்டில் கிடைத்த சைனோசாரப்டெரிக்சு என்னும் சிறு டைனோசரின் உடலைச் சுற்றி மெல்லிய தூவிகளின் பதிவு இருந்தது. அதன் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறி வளையமிட்டிருந்தன என்பதையும் 2010இல் அறிஞர் நுண்ணோக்கியால் கண்டு கூறினர். இவ்வாறு அறிவு தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்கின்றது. அறிவின் பெருமை பிழை செய்யாமையில் இல்லை, திருத்திக்கொள்வதில் இருக்கின்றது.

திரைக்கலை இவ்வறிவோடு சில காலம் உடன் நடந்தது. சில காலம் பின்தங்கியது. 1914இல் வின்சர் மெக்கே என்னும் ஓவியர், ஆயிரக்கணக்கான படங்களைத் தம் கையால் வரைந்து, கெர்ட்டி என்னும் டைனோசரைத் திரையில் ஆடச் செய்தார். 1925இல் வெளிவந்த 'மறைந்த உலகம்' என்னும் ஊமைப்படத்தில் வில்லிசு ஒபிரயன் சிறு பொம்மைகளை இம்மியளவாய் அசைத்து அசைத்து ஒவ்வொரு நிலையையும் படமெடுத்தார். அவையெல்லாம் ஓடியபோது பொம்மைகள் உயிர்பெற்று நடந்தன. 1933இல் வந்த 'கிங்காங்கு' படத்திலும் அவர் கைத்திறனே விளங்கியது. அப்பொம்மைகளின் உருவங்கள் அக்காலத்து அறிவியல் ஓவியங்களைத் தழுவியவை. ஆகவே, அந்நாளைய திரையின் பிழை பெரும்பாலும் அந்நாளைய அறிவின் பிழையே.

1993இல் சுடீவன் சுபீல்பெர்க்கு இயக்கிய 'சுராசிக்கு பார்க்கு' வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும் அப்படத்தில் டைனோசர்கள் தோன்றும் காட்சிகள் எல்லாம் சேர்ந்து 15 நிமிட அளவே ஆகும். ஆயினும் அந்த 15 நிமிடம் உலகின் கண்ணையே மாற்றிவிட்டது. சுடான் வின்சுடனும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசாரசு பொறியுருவைச் செய்தனர். மழைக் காட்சியில் அதன் நுரைத்தோல் நீரை உறிஞ்சிக் கனத்து நடுங்கியதால், அதனைத் துடைத்துத் துடைத்துக் காட்சி எடுக்க நேர்ந்தது. வேறு கலைஞர்கள் கணிப்பொறியில் எலும்பு வரைந்து, தசை பொருத்தி, தோல் போர்த்தி, நடக்கவிட்டனர். விலங்கின் அசைவை உணர்வதற்காக அவர்கள் ஊமைக்கூத்துப் பயிற்சியும் பெற்றனர். இயற்கையைக் கூர்ந்து நோக்காமல் செயற்கையும் கைகூடாது என்பதற்கு இஃதொரு சான்று. வாலை இழுத்து மந்தமாய் ஊர்ந்த பழைய பல்லி மறைந்து, விரைவும் விழிப்பும் உடைய விலங்கு தோன்றியது. அறிஞர்கள் முன்னரே கண்ட உண்மையை உலகறியச் செய்த நன்மை அப்படத்தையே சாரும்.

நன்மையைப் போற்றியபின் குறையைக் கூறுதலே முறை. படத்தின் பெயர் சுராசிக்கு. ஆனால், அதில் மிகுதியும் அச்சுறுத்தும் டைரனோசாரசும் வெலாசிராப்டரும் அக்காலத்துக்குப் பிற்பட்ட கிரெட்டேசியக் காலத்தவை. வெலாசிராப்டர் மங்கோலிய நாட்டில் வாழ்ந்த சிறு விலங்கு. வால் உட்பட அதன் நீளம் 2 மீட்டர் அளவே. இடுப்பளவு உயரம் அரை மீட்டர். திரையிலோ அது மனிதன் உயரம் நிமிர்ந்து நிற்கின்றது. அதன் முன்கை எலும்பில் இறகுகள் ஊன்றியிருந்த புடைப்புகளை 2007இல் அறிஞர் கண்டறிந்தனர். திரையிலோ அதன் தோல் ஓணானின் தோலாய் இருக்கின்றது. டைலோபோசாரசு கழுத்தில் குடை விரித்து நஞ்சை உமிழ்வதாய்க் காட்டுதற்கு எலும்பில் சான்றில்லை. டைரனோசாரசின் கண்கள் முன்னோக்கி அமைந்து கூரிய பார்வை உடையன; அசையாமல் நிற்பவனை அது காணாது என்பது கதைக்கு உதவும் கற்பனையே. அதன் உறுமலோ யானைக்கன்றின் பிளிறலையும் புலியின் சீற்றத்தையும் முதலையின் ஒலியையும் கலந்து ஒலிக்கலைஞர் சமைத்தது. முதலையையும் பறவையையும் ஆராய்ந்த அறிஞர் சிலர், பெரிய டைனோசர்கள் வாயை மூடியே ஆழ்ந்து முழங்கியிருக்கலாம் என்று கருதுகின்றனர்.

இவ்வாறு திரித்துக் காட்டக் காரணம் யாது? அச்சம் விலைபோகும்; அமைதி விலைபோகாது என்னும் எண்ணமே காரணம். சிறிய விலங்கைப் பெரிதாக்கினால் அச்சம் மிகும். இறகை நீக்கினால் கொடுமை மிகும். நாள் முழுதும் உறுமவிட்டால் அரங்கு அதிரும். ஆனால், இறகுடைய விலங்கு அஞ்சத்தக்கதன்று என்பது உண்மையா? வானத்திலிருந்து பாய்ந்து குஞ்சைக் கவ்வும் பருந்தைக் கண்ட கோழியை வினவினால் அது வேறு விடை கூறும். அச்சம் இறகின் இன்மையில் இல்லை. அதனைக் காட்டும் கலைஞனின் திறனில் இருக்கின்றது. அத்தொடரின் 2015ஆம் ஆண்டுப் படம் தமிழ் ஒலியோடும் வந்தது. அதில் வரும் அறிவியலறிஞன் ஒருவன், மரபணுவில் கலப்பு இல்லையெனில் இவ்விலங்குகள் வேறு வகையாய்த் தோன்றும் என்று தானே கூறுகின்றான். 2022ஆம் ஆண்டுப் படத்தில் இறகுடைய டைனோசரும் தோன்றியது. இச்சிறு ஒப்புதல்கள் தாமதமாய் வந்தாலும் வரவேற்கத்தக்கனவே.

கணிப்பொறி விளையாட்டின் நிலை வேறு. திரைப்படத்தைக் காண்பவன் இருக்கையில் அமர்ந்திருக்கின்றான். விளையாடுபவனோ அக்காட்டுக்குள் நுழைந்துவிடுகின்றான். 1997இல் வந்த 'துராக்கு', 1999இல் வந்த 'டைனோ கிரைசிசு' ஆகிய விளையாட்டுகளில் டைனோசர் என்பது கண்டவுடன் பாயும் பகை. சுட்டு வீழ்த்துவதற்கென்றே படைத்த இலக்கு. காட்டு விலங்கு உண்மையில் அவ்வாறு வாழ்வதில்லை. பசியில்லாத புலி மான்கூட்டத்தைக் கடந்து செல்லும். வேட்டையாடும் விலங்கு நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும். ஓய்வெடுக்கும் விலங்கை விளையாட்டு காட்டுவதில்லை; ஏனெனில் அதனிடம் புள்ளி இல்லை! ஆயிரம் முறை கையால் அழுத்தி ஆயிரம் முறை கொன்றபின், அவ்விலங்கைப் பற்றிச் சிறுவன் கொண்ட எண்ணம் எளிதில் மாறாது.

இணையத்தொடர்பு அறுந்த வேளையில் கைப்பேசித் திரையில் தோன்றித் தாவியோடும் சிறு டைரனோசாரசை அறியாத மாணவர் இலர். கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியில் 2014இல் அதனைச் சேர்த்தது. அது கள்ளிச்செடிகளைத் தாண்டித் தாண்டி ஓடும். டைரனோசாரசு 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தது. சப்பாத்தியை உள்ளிட்ட அக்கள்ளிக் குடும்பம் தோன்றியதோ ஏறத்தாழ 3½ கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஒன்றையொன்று ஒருநாளும் கண்டதில்லை. இவ்விளையாட்டு யாரையும் கெடுப்பதில்லை. கரிய கட்டங்களால் ஆன அவ்வுருவத்தை எவரும் உண்மையென்று கொள்ளார். அஃது யாளியின் இனத்தைச் சேர்ந்தது. உண்மைபோலத் தோன்றாத பொம்மையால் ஏமாற்றம் இல்லை. தோலின் சுருக்கமும் கண்ணின் ஈரமும் உண்மைபோலவே தோன்றும் உருவத்தில்தான் எச்சரிக்கை வேண்டும்.

விளையாட்டு நல்லதும் செய்யக்கூடும். 2018இல் வந்த 'சுராசிக்கு வேர்ல்டு எவலூசன்' என்னும் விளையாட்டில் டைனோசரைக் கொல்வதன்று, வளர்த்துப் பேணுவதே வேலை. அதன் உணவையும் இடத்தையும் நலத்தையும் விளையாடுவோன் எண்ண வேண்டும். 2017இல் முதன்முதல் வெளிவந்த 'சாரியன்' என்னும் விளையாட்டைச் செய்தோர், வட அமெரிக்காவின் ஒரு நிலப்பகுதியில் கிடைத்த எலும்புகளையும் தாவர எச்சங்களையும் ஆராய்ந்தே விலங்கையும் காட்டையும் அமைத்தனர். அதில் விளையாடுவோன் ஒரு குஞ்சாய்ப் பிறந்து, பசித்து, ஒளிந்து, பிழைத்து வளர வேண்டும். கருவி ஒன்றே, கையாளும் நோக்கமே வேறு.

'இவையெல்லாம் பொழுதுபோக்கு, பொழுதுபோக்கில் உண்மையைத் தேடுவானேன்?' என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. கதைக்குச் சிறகு வேண்டும். எல்லாவற்றையும் அளவுகோலால் அளந்தால் கலை வாடிவிடும். ஆயினும் பொழுதுபோக்கில் பெற்ற எண்ணம் பொழுதோடு போய்விடுவதில்லை. 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், நீர்நிலையொன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி காட்டுத்தீயெனப் பரவியது, மக்கள் திரண்டனர், படங்கள் கைப்பேசிதோறும் பறந்தன. நிலவியல் அறிந்தோர் அவற்றை ஆராய்ந்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டு என்னும் கடலுயிரைச் சூழ்ந்து மண் இறுகித் திரண்ட கற்களே என்று தெளிவுபடுத்தினர். இராஜாக்கமங்கலந்துறை மீனவரின் வலையில் அகப்படும் கணவாய்க்குத் தூரத்து உறவான உயிர் அது. அப்பகுதி ஒருகாலத்தில் கடலாய் இருந்தது என்னும் வியத்தகு உண்மையை அக்கற்கள் கூறின. ஆனால், திரையில் முட்டையைக் கண்ட கண்கள் கல்லிலும் முட்டையையே கண்டன, கடலைக் காணவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மட்டுமே வாழ்ந்த டைரனோசாரசைத் தமிழ்ச் சிறுவர் அனைவரும் அறிவர். இந்திய மண்ணில் வாழ்ந்த டைனோசர்களை அறிந்தவர் எத்தனை பேர்? 1828இலேயே சபல்பூரில் சுலீமன் என்னும் அதிகாரி டைனோசர் எலும்புகளைக் கண்டெடுத்தார். அவற்றிற்கு 1877இல் டைட்டனோசாரசு இண்டிகசு என்று பெயரிட்டனர். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த பெரிய இலையுண்ணி ஒன்றுக்கு, கவி தாகூரின் நூற்றாண்டை நினைவுகூர்ந்து, பாரபாசாரசு தாகூரி என்று பெயர் வைத்தனர். அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்து அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. குசராத்து மாநிலத்து இரகியோலியில் 1980களில் எடுத்த எலும்புகளைக் கொண்டு, 2003இல் இந்திய அறிஞரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து ராசாசாரசு நர்மதென்சிசு என்னும் ஊனுண்ணியை அறிமுகம் செய்தனர். தலையில் குறுங்கொம்பு உடையது அது. அரசனின் பெயர் பூண்ட அவ்விலங்கு இராஜாக்கமங்கலத்து மாணவனுக்குப் பெயரளவிலேனும் அயலாகாது! மடகாசுகரில் வாழ்ந்த மசுங்காசாரசு அதற்கு உறவினம். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவும் மடகாசுகரும் ஒரே நிலமாய் ஒட்டியிருந்தன என்பதற்கு இவ்வுறவும் ஒரு சான்று. திரைக்கு இதைவிடச் சிறந்த கதை வேண்டுமோ?

தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுதல் தகும். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்னும் சிற்றூர் உள்ளது. மேட்லி என்னும் ஆங்கில நிலவியலறிஞர் அவ்வட்டாரத்து டைனோசர் எலும்புகளைப் பற்றி 1929இல் எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் கல்லமேட்டில் மாபெரும் எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்து, 1987இல் பிருகத்காயோசாரசு மாட்லேயி என்று பெயரிட்டனர். பேருடல் படைத்தது என்பது அதன் பொருள். இடுப்பெலும்பும், தொடையெலும்பின் பகுதியும், வால் முள்ளெலும்பும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் அவற்றுள் இருந்தன. அக்காலெலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி எனக் கருதிய அதனைப் பின்னர் நீண்ட கழுத்துடைய இலையுண்ணி என அறிஞர் தெளிந்தனர். கணக்கிட்டோர் சிலர், நிலத்தில் நடந்த விலங்குகளுள் இதுவே மிகப் பெரியதாய் இருக்கலாம் என்றும், அதன் எடை 100 டன்னுக்கும் மேற்படலாம் என்றும் கூறுகின்றனர்.

அவ்வெலும்புகள் இன்று இல்லை. மண்ணோடு மண்ணாய் நைந்திருந்த அவை, எடுத்துப் பேணுவதற்குள் பொடிந்து அழிந்தன. எஞ்சியவை சில வரைபடங்களும் நிழற்படங்களுமே. ஆனால், இணையத்தில் தேடினால் அவ்விலங்கு முழு உருவத்தோடு நடமாடுகின்றது! ஒருவரும் காணாத தலை. ஒருவரும் காணாத கழுத்து. ஒருவரும் காணாத நிறம். எலும்பு அழிந்தது, உருவம் வளர்ந்தது. உருவம் வளர வளர, எலும்பு அழிந்ததை எண்ணி வருந்துவோர் குறைகின்றனர். கற்பனையின் செழுமை சான்றின் வறுமையை மறைத்துவிடுகின்றது. இதுவே இத்துறையில் நேரும் பெருந்தீங்கு. படத்தை மீண்டும் வரையலாம்; பிழையிருந்தால் அழித்தும் வரையலாம். பொடிந்த எலும்பை மீண்டும் படைக்க எவராலும் ஆகாது. டைனோசரைக் காட்டிப் பெரும்பொருள் ஈட்டும் கலை, டைனோசரின் எலும்பைக் காக்கும் எண்ணத்தையும் மக்களிடம் விதைக்குமாயின், கல்லமேட்டின் இழப்பு வேறோர் ஊரில் நேராது.

ஆகவே, திரைக்கலைஞரிடம் அறிவுலகம் வேண்டுவது பெரிதன்று. கதை தம் விருப்பம்போல் அமைக. ஆனால், இவ்விலங்கின் எலும்பில் இவ்வளவே கிடைத்தது, மற்றவை எம் கற்பனை என்று படத்தின் இறுதியிலோ விளையாட்டின் ஒரு பக்கத்திலோ அவர் ஒருவரி கூறலாம். நூறு கோடி செலவிட்டுத் தோலின் சுருக்கத்தை வரைபவருக்கு ஒருவரி எழுதுவது சுமையாகாது. கணிப்பொறிக் கலையில் வல்ல தமிழிளைஞர் இன்று பலர் உளர். அயலார் வரைந்த டைரனோசாரசையே மீண்டும் மீண்டும் வரைவதை விடுத்து, நருமதைக் கரையையும் கோதாவரிப் பள்ளத்தாக்கையும் காவிரிப் படுகையையும் அவர்கள் களமாகக் கொள்ளலாம். யாளியைக் கல்லில் எழுப்பிய மரபினருக்கு உருவம் சமைக்கும் ஆற்றல் குறைவில்லை. வேண்டுவது சான்றோடு கைகோக்கும் மனமே.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. திரையில் டைனோசர் தோன்றும்போது மூன்று வினாக்களை அவர்கள் உள்ளத்தே எழுப்புதல் வேண்டும். இதன் எலும்பு எவ்வளவு கிடைத்தது? இது வாழ்ந்த காலமும் இடமும் யாவை? இதில் கலைஞன் கூட்டியது எது? இவ்வினாக்கள் காட்சியின் சுவையைக் கெடுப்பதில்லை. பாவைக்கூத்தில் விளக்கின் இடத்தை அறிந்தவன் கூத்தை இன்னும் சுவைத்தே காண்கின்றான்.

எலும்பு கிடையாத ஊரிலும் டைனோசரைக் காணும் வழியொன்று உண்டு. பறவைகள் டைனோசர் குடியின் வழித்தோன்றல்கள் என்பது அறிவியலின் முடிபு. தேரூர்க் குளத்திலும் சுசீந்திரத்து நீர்நிலையிலும் ஆண்டுதோறும் வந்திறங்கும் பறவைக் கூட்டமும், இராஜாக்கமங்கலத்து வயல்வரப்பில் அடிமேல் அடிவைத்துச் செல்லும் கொக்கும் அக்குடியின் எச்சங்களே. கழுத்தை நீட்டி, ஒருகால் தூக்கி, அசைவற்று நின்று, மின்னலெனக் கொத்தும் கொக்கின் நடையில் கோடிக்கணக்கான ஆண்டுகளின் பழக்கம் இருக்கின்றது. அதனை வரைவதற்குப் பெருஞ்செலவும் வேண்டா. அதனைக் காண்பதற்குச் சீட்டும் வேண்டா. கூர்ந்து நோக்கும் கண்ணே வேண்டுவது. அக்கண் வாய்க்கப்பெற்றவன் திரை காட்டும் பொய்யையும் எளிதில் அறிவான். மண் காட்டும் மெய்யையும் மதித்துக் காப்பான்.